இரு நாவல்களும் ஒரு நாட்குறிப்பும்

தில்லையடியிலிருந்து கடலோரமாக வடக்கு நோக்கிச் செல்வோர்க்கு வில்பத்துப் பெருங்காடு குறுக்கே நிற்கும். அக்காட்டையும் மோதரகம் ஆற்றையும் கடந்தால் எதிர்ப்படுவது மரிச்சுக்கட்டி. மன்னார்க் குடாவின் முத்துச்சலாபங்களை நோக்கி அமைந்த அக்கரையிலே, 1906ஆம் ஆண்டின் முத்துக்குளிப்பின்போது, இருபத்தைந்து வயது நிரம்பிய அரசாங்க உத்தியோகத்தர் ஒருவர் பணியாற்றினார். சிப்பிகள் அழுகும் நாற்றத்தினிடையிலும் ஈக்கூட்டத்தினிடையிலும் அராபியரும் தமிழருமாகிய குளிகாரர்களோடு அவர் நாள்களைக் கழித்தார். அவர் ஆங்கில அரசின் ஊழியரேயாயினும் பிறப்பால் யூதர். லெனாட் வூல்ஃப் என்பது அவர் பெயர்.

வூல்ஃப் இலங்கையைப் பற்றி எழுதிய ‘காட்டிடைக் கிராமம்’ என்னும் நாவல் 1913இல் வெளிவந்தது. அது இந்நாட்டவரால் இன்றும் போற்றப்படுகின்றது. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் அதனைச் சிங்களத் திரைப்படமாக்கியமையால் நூலைக் கண்ணாற் காணாதவரும் கதையை அறிவர். ஆயின் அடுத்த ஆண்டிலே, 1914இல், அவர் வெளியிட்ட இரண்டாம் நாவலை அறிந்தோர் மிகச் சிலர். ‘புத்தியுள்ள கன்னியர்’ எனத் தமிழில் வழங்கத்தக்க அந்நூல், இலண்டன் நகரத்து யூத இளைஞன் ஒருவனின் காதலைக் கூறுவது. அதன்பின் வூல்ஃப் 1969இல் மறையும்வரை வேறு நாவல் எழுதவில்லை. அந்நியர் ஊரைப் பற்றி எழுதி வெற்றி கண்ட ஒருவர், தம் சொந்த வீட்டைப் பற்றி எழுதப் புகுந்தவுடன் நாவற்கலையையே கைவிட்டது ஏன்? இவ்வினா வூல்ஃப் ஒருவரோடு முடிவதன்று. தம் மக்களைப் பற்றி எழுத விழையும் எவரும் எதிர்கொள்ள வேண்டிய வினா இது.

முதற்கண் கதையை நோக்குவாம். ஹரி டேவிஸ் ஓவியம் பயிலும் இளைஞன். இலண்டனின் புறநகராகிய ரிச்ஸ்டெட் என்னும் கற்பனையூரில் அவன் பெற்றோர் குடியேறுகின்றனர். அயலிலே கார்லண்ட் என்னும் விதவையும் அவளுடைய நான்கு பெண்மக்களும் வாழ்கின்றனர். அவர்கள் ஆங்கிலேயர்; கோயிலுக்குச் செல்வதும் தேநீர் விருந்தளிப்பதும் அடக்கமாகப் பேசுவதும் அவர்களுடைய வாழ்க்கை. யூதக் குடும்பம் அயலில் வந்தமை அவர்களுக்கு ஒருபுறம் புதுமையாகவும் மறுபுறம் கூச்சமாகவும் இருக்கின்றது. இரு வீட்டாரும் வாய்விட்டுச் சண்டையிடுவதில்லை. ஆயினும் வேலிக்கு அப்பாலும் இப்பாலும் நின்று ஒருவரையொருவர் அளந்துகொண்டேயிருக்கின்றனர். யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளிலும் புத்தளத்துத் தென்னந்தோப்புகளிலும் வாழ்வோர்க்கு இவ்வகைப் பகை புதிதன்று. முற்றத்தில் நின்று நலம் விசாரிக்கும் வாய், அடுக்களையில் வேறுவிதமாகப் பேசும்.

ஓவியக் கல்லூரியிலே ஹரி, கமிலா லோரன்ஸ் என்னும் மங்கையைக் காண்கின்றான். அவளுடைய வீடு கல்வியும் கலையும் நிரம்பிய வீடு. அங்கே எதைப் பற்றியும் தடையின்றிப் பேசலாம். கமிலாவின் அழகும் அறிவும் ஹரியைக் கவர்கின்றன. ஆயின் அவள் உள்ளத்திலே காதல் எழுவதாகத் தெரியவில்லை. தன்னை ஒருவனுக்கு முழுமையாக ஒப்படைப்பது அவளுக்கு இயலாததாக இருக்கின்றது. அவளிடம் நேர்மையான அன்பு உண்டு. தெளிவான உடன்பாடு இல்லை. இதற்கிடையே கார்லண்ட் வீட்டு இளையவளாகிய குவென், ஹரி கூறும் புதுமைக் கருத்துகளைக் கேட்டு மயங்குகின்றாள். பழைய கட்டுப்பாடுகளை உதறிவிட்டு வாழ வேண்டும் என்று அவன் போதிக்கின்றான். அவள் அதனை உண்மையென்றே நம்புகின்றாள். இரு குடும்பத்தாரும் கடற்கரை ஊரொன்றில் விடுமுறையைக் கழிக்கும்போது, ஓரிரவு அவள் அவனுடைய அறைக்கு வந்துவிடுகின்றாள். அவனோ எந்தக் கட்டுப்பாட்டை இகழ்ந்தானோ அந்தக் கட்டுப்பாட்டுக்கே பணிந்து, காதலிக்காத பெண்ணை மணந்துகொள்கின்றான். கதை அத்திருமணத்தோடு முடிகின்றது.

மணவாளனின் வரவை எதிர்நோக்கி விளக்கேந்தி நின்ற பத்துக் கன்னியரைப் பற்றிய விவிலியக் கதையினின்றே நூலின் பெயர் எடுக்கப்பட்டது. விளக்குக்கு எண்ணெய் கொண்டுவந்த ஐவர் புத்தியுள்ளவர். இங்கே புத்தியுள்ள கன்னியர் யாவர் என ஆராய்ந்தால் ஆசிரியரின் குத்தல் விளங்கும். கார்லண்ட் மகளிர் மணவாளனுக்காகக் காத்திருப்பதையே வாழ்க்கையாகக் கொண்டவர்கள். கமிலாவோ எவருக்காகவும் காத்திராதவள். எண்ணெயைச் சேமித்தவர் யார், விளக்கை அணையவிட்டவர் யார் என்பதை ஆசிரியர் கூறாமலே விடுகின்றார். சொற்களும் அபிப்பிராயங்களும் சில உணர்ச்சிகளும் கொண்ட கதையென்று நூலுக்கு ஓர் உபதலைப்பும் உண்டு. உணர்ச்சியைச் சிலவென்று குறைத்துச் சொன்னதிலேயே கதையின் சாரம் அடங்கியுள்ளது. ஹரி பேசிய சொற்களே அவனைக் கட்டிய கயிறாயின.

தமிழ் பயின்றோர் இக்கதையை அகத்திணை மரபைக் கொண்டு நோக்கினால் அதன் அமைப்புத் தெளிவாகும். தொல்காப்பியர் அன்பின் ஐந்திணைக்கு முன்னே கைக்கிளையையும் பின்னே பெருந்திணையையும் வைத்தார். ஒருதலைக் காமம் கைக்கிளை. பொருந்தாக் காமம் பெருந்திணை. ஹரி கமிலாமேற் கொண்ட வேட்கை கைக்கிளையின்பாற்படும்; குவெனோடு அவன் செய்துகொண்ட மணம் பெருந்திணையின்பாற்படும். இரண்டிற்கும் நடுவே இருக்க வேண்டிய ஐந்திணை இந்நாவலில் இல்லை. மேனாட்டு நாவலைத் தமிழ் இலக்கணத்துக்குள் அடைப்பது இதன் நோக்கமன்று. ஒத்த அன்புக்கு இடமில்லாத ஒரு சமுதாயத்தை ஆசிரியர் காட்டுகின்றார் என்பதை இம்மரபு சில சொற்களிற் புலப்படுத்துகின்றது என்பதே கருத்து.

இனி, இந்நூலின் குணமும் குற்றமும் ஆராயத்தக்கன. புறநகர் வீடுகளின் வெற்றுரையாடலை எழுதும்போது வூல்ஃபின் எழுதுகோல் கூர்மையாகச் செல்கின்றது. குவென் என்னும் பேதைப் பெண்ணிடத்து ஆசிரியருக்கு உண்மையான இரக்கம் இருக்கின்றது. ஹரியையும் அவர் காப்பாற்ற முயலவில்லை. தன் இனத்தின் உழைப்பையும் ஊக்கத்தையும் பொருள்நாட்டத்தையும் தானே எடுத்துரைத்து, ஆங்கிலேயரின் குளிர்ந்த உள்ளத்தை இகழும் அவ்விளைஞனின் செருக்குக்கு அடியில் அச்சமே இருக்கின்றது என்பதை அவர் மறைக்கவில்லை. பிறர் தன்னை இழிவாக எண்ணுமுன்னரே தன்னைத் தானே பழித்துக்கொள்ளும் இயல்பு, சிறுபான்மையினராக வாழ்ந்தோர் யாவரும் அறிந்தது.

குற்றம் எங்கேயெனின், ஹரியின் தாயை வரைந்த இடத்திலே. டேவிஸ் அம்மையார் பெரும்பாலும் தோற்றத்தாலும் பேச்சாலும் நகைக்கப்படுகின்றார். அவர் ஏன் அவ்வாறு பேசுகின்றார், புதிய ஊரில் எத்தகைய தனிமையை அனுபவிக்கின்றார் என்பதை அறிய ஆசிரியருக்கு ஆர்வமில்லை. கமிலாவின் வீட்டார்க்குக் கிடைத்த பரிவில் ஒரு பங்குதானும் அத்தாய்க்குக் கிடைக்கவில்லை. நாவலாசிரியன் தன் பாத்திரத்தை நேசிக்க வேண்டுமென்பதில்லை, புரிந்துகொள்ள வேண்டும். புரிந்துகொள்ள மறுத்தல் கலைக்குறைபாடு.

நூலை நூலாகவே மதிப்பிட வேண்டும், ஆசிரியர் வாழ்க்கையை அதனுள் இழுக்கலாகாது எனச் சிலர் கூறுவர். அக்கொள்கை பொதுவிற் சரியானதே. மேலே கூறிய குறை நூலைமட்டும் படித்தாலே தெரிவது. ஆயின் அக்குறை ஏன் நேர்ந்தது என வினவும்போது வாழ்க்கை வாயிலில் வந்து நிற்கின்றது.

வூல்ஃப் 1880இல் இலண்டனில் பிறந்தவர். வழக்கறிஞராகிய தந்தையார் 1892இல் இறந்தபோது குடும்பம் செல்வநிலை குன்றிப் பட்னி என்னும் புறநகருக்குப் பெயர்ந்தது. பெருங்குடும்பத்தைத் தனித்து நின்று வளர்த்தவர் அவருடைய தாயார் மேரி. மகன் கேம்பிரிட்ஜில் கற்று, 1904ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கை வந்து, யாழ்ப்பாணத்திலும் கண்டியிலும் அம்பாந்தோட்டையிலும் கடமையாற்றினார். 1911இல் விடுமுறையிற் சென்றவர் திரும்பவில்லை. 1912 ஆகஸ்ட் 10ஆம் நாள் வேர்ஜினியா ஸ்டீவன் என்னும் எழுத்தாளரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். அத்திருமணத்துக்குத் தாயார் அழைக்கப்படவில்லை. அதனால் அவர் மனம் நொந்தார். பணமில்லாத யூதரொருவரை மணக்கப்போவதாக வேர்ஜினியா தம் தோழிக்கு எழுதினார் என்பதும் அறியப்பட்ட செய்தி. இத்தகைய உரசல்களுக்கிடையே, மணமான புதிதிலேயே, வூல்ஃப் இரண்டாம் நாவலைத் தொடங்கினார். கமிலாவில் வேர்ஜினியாவின் சாயலையும் டேவிஸ் அம்மையாரில் தாயாரின் சாயலையும் ரிச்ஸ்டெட்டில் பட்னியின் சாயலையும் அறிந்தோர் உடனே கண்டுகொண்டனர். கையெழுத்துப் பிரதியைப் படித்த தாயார் பெரிதும் புண்பட்டார். தமக்கையார் பெல்லாவும் அதனை விரும்பவில்லை. பெல்லா இலங்கைக்கு அறிமுகமானவர். இந்நாட்டைக் காணும் வழிகாட்டி நூலொன்றையும் எழுதியவர். வூல்ஃப் சில மாற்றங்கள் செய்தார். ஆயினும் நூலை நிறுத்தவில்லை. முதல் உலகப்போர் தொடங்கிய ஆண்டிலே வெளிவந்த அந்நூல் விலைபோகவில்லை. நெடுங்காலம் மறுபதிப்பும் காணவில்லை.

இதனோடு ‘காட்டிடைக் கிராமம்’ நாவலை ஒப்புநோக்குக. பெத்தகம என்னும் சிற்றூர் தெற்கின் வறண்ட காட்டிலுள்ளது. அங்கே வேட்டையாடி வாழும் சிலிந்துவுக்குப் புஞ்சி மெனிக்கா, இன்னிஹாமி என இரட்டைப் பெண்மக்கள். ஊர் விதானையின் மைத்துனனாகிய பாபுன், புஞ்சி மெனிக்காவைக் காதலித்து அவளோடு வாழத் தலைப்படுகின்றான். விதானை வீட்டார் அதனை இழிவெனக் கருதுகின்றனர். அன்று மூண்ட குடும்பப் பகை பிறகு தணியவேயில்லை. சேனைப் பயிருக்கு உத்தரவு மறுத்தல், கடனை இறுக்குதல், பொய்வழக்குத் தொடுத்தல் என அதிகாரத்தின் ஒவ்வொரு கருவியும் அப்பகைக்கு ஆயுதமாகின்றது. பட்டினத்திலிருந்து வந்த வட்டிக்காரனும் விதானையோடு சேர்கின்றான். பாபுன் சிறைக்குச் சென்று அங்கேயே இறக்கின்றான். பொறுக்கமாட்டாத சிலிந்து இருவரையும் சுட்டுக் கொல்கின்றான். தன் குழந்தையோடு மான்குட்டிக்கும் பாலூட்டி வளர்த்த இன்னிஹாமி, ஊரார் அம்மானைக் கல்லெறிந்து கொன்றபின் தானும் மாய்கின்றாள். ஈற்றில் ஊரையே காடு விழுங்குகின்றது.

இந்நாவலில் நோயும் ஒரு பாத்திரம்போல உலவுகின்றது. மழைக்குப்பின் வரும் காய்ச்சல் ஆண்டுதோறும் தவறாமல் வருகின்றது. அது ஒரேயடியாகக் கொன்றுவிடுவதில்லை. உடலில் தங்கி வலிமையை உறிஞ்சுகின்றது. காய்ச்சலால் சேனை வெட்ட முடிவதில்லை, சேனையின்மையால் பசி, பசியால் கடன், கடனால் விதானைக்கு அடிமை. நீங்காத நோய் எவ்வாறு குடும்பப் பகைக்குத் துணைபோகின்றது என்பதை இதனினும் தெளிவாகக் காட்டிய நாவல்கள் சிலவே. அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தபோது ஊரூராகச் சென்று கண்ட வாழ்வையே வூல்ஃப் எழுதினார். அவரும் 1905இல் யாழ்ப்பாணத்தில் நெருப்புக்காய்ச்சலால் வருந்தியவர். பாபுனும் புஞ்சி மெனிக்காவும் ஒத்த அன்பினர். அவர்களை அலரும் பகையும் சூழ்ந்தன; ஆயினும் அவர்களது அன்பு குறையவில்லை. இரண்டாம் நாவலில் இல்லாத ஐந்திணை முதல் நாவலில் இருக்கின்றது. இலண்டன் மாளிகையிற் காணாத காதலைப் பெத்தகமவின் மண்குடிசையில் அவர் கண்டார்.

சிலிந்துவைப் புரிந்துகொண்டவருக்குத் தம் தாயாரைப் புரிந்துகொள்ள இயலாமற் போனது ஏன்? சிலிந்துவால் வூல்ஃபுக்கு எவ்வித வெட்கமும் இல்லை. சிலிந்துவின் பேச்சையும் அழுக்கையும் கண்டு எவரும் வூல்ஃபை இழிவாக எண்ணப்போவதில்லை. தாயாரின் பேச்சோ, மனைவியின் உறவினர் கூடும் மண்டபத்தில், மகனையும் சேர்த்தே அளக்கப் பயன்படும். ஆகவே பிறர் நகைப்பதற்கு முன்னர் மகனே நகைத்துவிட்டான். டேவிஸ் அம்மையாரின் பாத்திரத்தைக் கெடுத்தது வெறுப்பன்று, வெட்கமே. வெறுப்பையேனும் கலையாக்கலாம். வெட்கம் கண்ணை மூடிவிடும்.

இரண்டாம் நாவலைப் பற்றி இன்னுமொன்று கூற வேண்டும். அதனை எழுதி முடித்து வெளியிடுவதற்கிடையே வேர்ஜினியாவின் மனநோய் கடுமையாயிற்று. இளமையிலேயே தொடங்கி விட்டுவிட்டு வந்துகொண்டிருந்த அந்நோயால், 1913 செப்டெம்பரில் அவர் உறக்கமருந்தை அளவுக்கு மிஞ்சி உண்டு உயிர்விட முயன்று, அரிதிற் பிழைத்தார். 1915 சனவரி இறுதியில் அவர் கணவரின் நாவலைப் படித்து, சில பகுதிகள் மிக மோசமானவை, சில பகுதிகள் முதற்றரமானவை எனத் தம் நாட்குறிப்பிற் பதிந்தார். சில வாரங்களுள் நோய் மீண்டும் அவரைப் பற்றியது. ஆயினும் நாவலில் நோயில்லை. கமிலாவின் உள்ளம் ஒட்டாமை மட்டுமே அங்கே காணப்படுகின்றது. அவளைச் சுற்றியிருந்த இருளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அச்சொற்கள் வேறோரிடத்தில் எழுதப்பட்டன. மனைவியின் உடல்நிலையையும் உளநிலையையும் வூல்ஃப் நாள்தோறும் தம் குறிப்பேட்டிற் பதிந்துவந்தார். 1913ஆம் ஆண்டளவில் அக்குறிப்புகளைப் பிறர் படித்தறியாதபடி எழுத விரும்பிய அவர், தாம் இலங்கையிற் பயின்ற தமிழ், சிங்கள எழுத்துகளைக் கொண்டு ஒரு மறைமொழி அமைத்துக்கொண்டார். இன்று நன்றாக உறங்கினாள், இன்று கலங்கினாள் என்னும் அளவிலான செய்திகளைத் தாங்க, யாழ்ப்பாணத்துக் கச்சேரியில் மனுக்களைப் படிக்கக் கற்ற எழுத்து உதவிற்று. அச்சில் ஏறிய நாவல் உலகத்துக்காக எழுதப்பட்டது. அதில் வெட்கம் இருந்தது. குறிப்பேடு எவருக்காகவும் எழுதப்படவில்லை; அதில் பரிவு இருந்தது. இங்கிலாந்தில் அன்று எழுதப்பட்ட காதலுரைகளுள், தமிழ் எழுத்தைத் தாங்கிய அக்குறிப்புகளையும் ஒன்றாக வைத்து எண்ணுதல் தவறாகாது. வேர்ஜினியா 1941இல் உயிர் துறக்கும்வரை, இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு மேலாக, அப்பரிவு நீடித்தது. அதற்கிடையே வேர்ஜினியா எழுதிய பெருநாவல்கள் அப்பராமரிப்பின் நிழலிலேயே முளைத்தன என்பது மிகையன்று.

இதனால் ஒரு முடிவு பெறப்படும். ஒரு நூலின் குறை அதன் ஆசிரியர் உள்ளத்தின் குறையாகிவிடாது. ஆசிரியரிடம் இருந்த பரிவு நூலுக்குள் நுழைய வழி கிடைக்கவில்லை என்பதே உண்மை. அவ்வழியை அடைத்தது, தம்மவரைப் பிறர் கண்கொண்டு பார்க்கும் பழக்கம். அப்பழக்கத்தை நீக்கி எழுதியிருப்பின், தாயாரும் கமிலாவும் சிலிந்துவைப் போல் நிலைத்து நின்றிருப்பர்; இரண்டாம் நாவலோடு வூல்ஃப் நின்றிருக்கவும் மாட்டார்.

மீண்டும் தில்லையடிக்கு வருவோம். இங்கு வாழும் குடும்பங்களுட் பல, 1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து முஸ்லிம்கள் விடுதலைப்புலிகளால் வெளியேற்றப்பட்டபோது வந்தவை. எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் ஒருசில நாள்களில் வீடிழந்தனர். அவர்களுட் பெரும்பாலார் புத்தளம் மாவட்டத்தில் ஒதுங்கினர். வூல்ஃப் முத்துக்குளிப்பிற் பணியாற்றிய மரிச்சுக்கட்டியிலிருந்தும் மக்கள் வந்தனர். வந்தவரும் இருந்தவரும் வேலிக்கு இப்பாலும் அப்பாலும் நின்று ஒருவரையொருவர் அளந்த காலம் இங்கும் இருந்தது. தண்ணீர், பாடசாலை, தொழில் என்பவற்றிற் பங்கு கேட்டெழுந்த மனக்கசப்பும் இருந்தது. ஓலைக்கொட்டிலில் வளர்ந்து, கற்று, பட்டம் பெற்ற பிள்ளைகள் இன்று எழுதுகோல் எடுக்கும் வயதில் இருக்கின்றனர். தாயின் மன்னார்ப் பேச்சையும், நிவாரணத்துக்கு வரிசையில் நின்ற தந்தையையும், ஆண்டுக்கணக்காகத் தீராத நோயோடு பாயிற் கிடந்த பாட்டியையும் அவர்கள் எழுத வேண்டியிருக்கும்.

அப்போது இரு வழிகள் அவர்கள்முன் இருக்கும். பட்டினத்து வாசகர் நகைக்கும்முன் தாமே நகைத்துவிடுவது ஒன்று. எவரும் படிக்கமாட்டார் என்னும் குறிப்பேட்டில் எழுதுவதுபோல, அஞ்சாமலும் வெட்காமலும் உள்ளபடி எழுதுவது மற்றொன்று. முதலாவது வழியிற் சென்று ஒரு நல்ல நாவலாசிரியர் நின்றுவிட்டார். இரண்டாவது வழியை அவர் தம் குறிப்பேட்டுக்குள் மறைத்து வைத்தார். அதனைத் திறந்து எழுதும் பொறுப்பு, அவர் கடன்வாங்கிய எழுத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுடையது.